முயலாகத் தொடங்கிய கழுதைகள்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதில் பாராட்டு துளியும் கிடையாது. மருமகன் தொடங்கிய கடை, மாநகராட்சி தோண்டிய வாய்க்கால், டி.வி.யைப் பார்த்துக் கிளறிய மைசூர்பாகு என்று எதன் மீதும் எறியக்கூடிய வசவு அது. இதை முதலில் சொன்னவர் களிமண்ணை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். களிமண்ணுக்கு இந்த வசவு பொருந்தும். அது சொன்னபடி கேட்கும், கேட்காவிட்டால் உருட்டி மறுபடியும் பிடிக்கலாம். குரங்கு வந்த பிறகும் அதை அப்படியே காய வைத்தவரின் சோம்பலுக்குத்தான் குட்டு. ஆனால் டெய்லர் கடை வெட்டுத் துணியில் சின்னச் சின்ன மிருகப் பொம்மைகள் தைக்கிறவர்களையும் இதே பழமொழியால் அடிப்பது அநியாயம். வெட்டிய துணியை உருட்டி மறுபடி முழுத் துணியாக்க யாராலும் முடியாது. அங்கே குரங்கு வருவது தவறு இல்லை, தொழில் முறை. மிச்சத் துணியில் பொம்மை தைப்பவர் இன்ன மிருகம் என்று முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது, தீர்மானித்தாலும் பலிக்காது, பலிக்காமல் போவதுதான் நல்லது என்பது என் கட்சி. கண்ணும் காதும் தைத்து முடித்த பிறகு உற்றுப் பார்த்து, என்ன வந்திருக்கிறதோ அதற்குப் பெயர் வைத்தால் போதும்.

துணிப் பொம்மையின் வரலாறு முழுக்க இந்தக் கட்சியில்தான் நிற்கிறது. தெற்கு ஜெர்மனியில் கீங்கன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1847-இல் பிறந்த மார்கரெட்டே ஸ்டைஃப், ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி, கால்கள் செயலிழந்து, வலது கையும் சரிவர ஒத்துழைக்காத நிலையில் தையல் கற்றவர். ஃபெல்ட் துணியில் உள்பாவாடையும் குழந்தை உடுப்பும் தைத்து விற்றுவந்தார். 1879 டிசம்பரில் ஓர் ஆடைப் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, மறு வருடம் அதே ஃபெல்ட்டில் ஒரு குட்டி யானையைத் தைத்தார். விளையாட அல்ல, ஊசி குத்திவைக்க. யானை உலகத்துக்கு வந்த வேலை முதுகில் ஊசி வாங்குவது. ஆனால் ஊசி இருக்க வேண்டிய இடத்தைக் குழந்தைகளின் கை பிடித்துக்கொண்டது, ஊசி மெத்தை பொம்மையானது, அதிலிருந்து ஒரு கம்பெனியே எழுந்தது. அடுத்த சாட்சி அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில். அங்கே நெல்சன் நிட்டிங் என்ற ஆலை உழைப்பாளிகளுக்கான தடித்த காலுறை பின்னியது. போலிகள் பெருகியதால் அசல் சரக்கு அடையாளம் தெரியட்டும் என்று 1932-இல் குதிகாலைச் சிவப்பாக்கினார்கள். பொருளாதார மந்தக் காலம், கிழிந்த காலுறையையும் தூக்கிப் போட மனம் வராத வீடுகள். யாரோ ஒரு பெண்மணியின் கத்தரிக்குச் சிவப்புக் குதிகால் குரங்கின் உதடாகத் தெரிந்திருக்கிறது. ஒரு ஜோடிக்கு இரண்டு குதிகால், ஆகவே ஒன்று வாய், மற்றொன்று உட்காரும் இடம். இயற்கையிலேயே குரங்குக்குச் சிவந்திருக்கும் இரண்டு இடங்களும் காலுறையில் தயாராக இருந்தன! 1955-இல் இந்தக் குரங்குக்கான காப்புரிமை அந்த ஆலைக்கே கிடைத்தது, காலுறையோடு குரங்கு தைக்கும் குறிப்பையும் சேர்த்து விற்றார்கள். ஆக, உலகத் துணிப் பொம்மை யானைமுகத்தில் தொடங்கிக் குரங்கில் வந்து சேர்ந்திருக்கிறது. நம் பழமொழி இதைவிட அச்சு அசலாக எங்கும் நடந்ததில்லை. கீங்கனில் அதற்கு அருங்காட்சியகம் கட்டினார்கள், ராக்ஃபோர்டில் குரங்குக்குத் திருவிழாவே எடுத்தார்கள். நாம் மட்டும் அதை வசவாக வைத்திருக்கிறோம்.

இனி நம் தெருவுக்கு வருவோம். எந்த டெய்லர் கடையிலும் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணிச் சாக்கு ஒன்று இருக்கும். அதில் விழும் துண்டுகள் ஏனோதானோ என்று விழுவதில்லை. கழுத்து வெட்டினால் அரைவட்டம், அக்குள் வளைவில் பிறை, கைத்துணியின் ஓரத்தில் நீண்ட முக்கோணம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உடம்பு போக மிச்சம். ரவிக்கையின் பின்கழுத்து எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பெரிய அரைவட்டம் சாக்குக்கு வந்து சேர்கிறது. பாட்டி காலத்து மூடிய கழுத்து ரவிக்கையில் ஒரு மூஞ்சூறு தேறினாலே பெரிது. இன்றைய கல்யாண வரவேற்பு ரவிக்கையில் கரடிக்கே முகம் எடுக்கலாம். இந்த ஃபேஷனைப் பற்றிப் பெரியவர்கள் புலம்பும்போது கரடிகளின் தரப்பை யாரும் கேட்பதில்லை. வடிவம் இப்படியென்றால், நிறமும் டிசைனும் இன்னும் பிடிவாதம். கோடு போட்ட சட்டைத் துணி கிடைத்தவருக்கு அணில், புலி, வரிக்குதிரை என மூன்றே வழி. புள்ளி விழுந்தால் மான். அரசுப் பள்ளி யூனிஃபார்ம் துணியின் நிறத்தில் கடவுள் எந்தப் பிராணியையும் படைக்கவில்லை, படைக்கும் பொறுப்பைத் தைப்பவரே ஏற்க வேண்டும். கட்டம் போட்ட லுங்கித் துணி ஆமைக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்ளும். கோடு போட்ட பிறைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளை முயல்தான் தைப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அவருக்கு வேண்டியது தையல் பாடம் இல்லை, ஜவுளிக்கடை.

சரி, சாக்கில் தேடி நல்ல வெள்ளைத் துண்டு ஒன்றும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முயல் வராது. காரணம் கைத்திறன் இல்லை, கணக்கு. இரண்டு துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே வரும்படி சேர்த்து ஓரம் தைத்து, ஒரு சின்ன வாய் விட்டு, அதன் வழியே புரட்டிப் பஞ்சு திணிப்பதுதான் இந்த வேலையின் முறை. யானைக்கு 5 செ.மீ. அகலத்தில் கால் வரைகிறீர்கள். இரு ஓரத்திலும் தையலுக்கு அரை அரை செ.மீ. போக மிச்சம் 4. தட்டையாகக் கிடக்கும் வரை அது 4-ஆகவே இருக்கும். பஞ்சு உள்ளே போனதும் கால் உருண்டுகொள்கிறது. முன்துணி 4, பின்துணி 4, சுற்றளவு 8. பள்ளிக்கூடத்தில் படித்து, இனி எதற்கு என்று மறந்துபோன அந்த 22/7 இப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்கு வருகிறது. வகுத்துப் பார்த்தால் குறுக்களவு இரண்டரை செ.மீ. சொச்சம். ஐந்தில் புறப்பட்ட யானைக்கால் சரிபாதியாக, ஆட்டுக்காலாக வந்து நிற்கிறது. முயல் காதின் கதை இன்னும் பரிதாபம். 2 செ.மீ. அகலக் காதில் தையல் போக மிஞ்சுவது ஒன்று. அதைப் புரட்ட விரல் நுழையாது, பென்சிலால் குத்திக் குத்தி வெளியே தள்ளினால் வருவது காது இல்லை, நத்தைக் கொம்பு. பட்ட அனுபவத்தில் அடுத்த முறை காதைத் தாராளமாக வரைவார்கள், அப்போது கழுதை பிறக்கும். காட்டில் முயலுக்கும் கழுதைக்கும் எவ்வளவோ தூரம், துணியில் ஒரு செ.மீ. தமிழில் ‘முயல்’ என்றால் முயற்சி செய் என்றும் ஒரு பொருள் உண்டு. தையல்காரர்களுக்கு எட்டக்கூடியது அந்தப் பொருள்தான்.

அதே முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவரைப் பிடிவாதக்காரர் என்கிறது ஊர். வெட்டுத் துணிக்காரர்களிடம் கேட்டால் அது வெறும் இருப்புக் கணக்கு என்பார்கள். நாலாவது காலுக்குத் துணி பத்தவில்லை. டெய்லர் ‘துணி பத்தாதும்மா’ என்று சொல்லும்போது மிச்சத்தை என்ன செய்தாரோ என்று நாம் சந்தேகப்படுகிறோம், இங்கே சந்தேகப்படவும் ஆளில்லை. வேறு துணியில் நாலாவது காலை ஒட்டுப்போட்டால் அது பார்ப்பதற்கு மாவுக்கட்டு போட்ட முயல். சரி, நாலு காலும் ஒரே துணியில் அமைந்தால்? நாலும் ஒரே உயரத்தில் அமையாது. ஆடுகிற ஸ்டூலுக்கு அட்டை மடித்து வைப்பதுபோல் பொம்மைக்கு வைக்க முடியாது. நீளமான காலிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தால் அது துவளும், குட்டையான காலில் இன்னும் திணித்தால் தையல் விடும். கடைசியில் எல்லோரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: உட்கார வைத்துவிடுவது. உலகத்துத் துணிப் பிராணிகளில் பாதி ஏன் எப்போதும் உட்கார்ந்தே இருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒட்டகச்சிவிங்கி தைக்கத் துணிந்தவர்கள் அனைவரும், பஞ்சு எவ்வளவு அழுத்தித் திணித்தாலும், தூங்கும் ஒட்டகத்தைத்தான் தைத்திருக்கிறார்கள். பனியன் துணியில் ஒல்லியான நாய் ஒன்றை வரைந்தால், துணி இழுபட்டு, திணிக்கத் திணிக்கக் கொடுத்துக்கொண்டே போய், ஓய்வு பெற்ற நாயாக வந்து சேரும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்தான். திறமை இல்லாதவர்களுக்கு வக்காலத்து வாங்கி ஒரு தத்துவம் கட்டுகிறாய், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள் முயல் என்றால் முயலே தைக்கிறார்களே என்பார்கள். தைக்கிறார்கள்தான். மார்கரெட்டேயின் தம்பி பிள்ளைகளில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டைஃப், ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சி சாலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கரடிகளை வரைந்து, 1902-இல் கைகால் அசையும் கரடி ஒன்றை உருவாக்கினார். 1903-இல் லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கேட்டார். ஆனால் அந்தக் கரடிக்கு மொஹேர் ரோமத் துணி தேடி வாங்கப்பட்டது. மிருகத்தை முதலில் வைத்து அதற்குத் துணி தேடுவது ஒரு தொழில், துணியை முதலில் வைத்து அதற்கு மிருகம் தேடுவது வேறு தொழில். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் மாப்பிள்ளைக்கு வேலை பார்ப்பதும் ஒன்றாகிவிடுமா? திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லப்போனால், தட்டையான துணியை மேடு பள்ளமாக்கும் வித்தையில் உலகத்தில் எந்தப் பொம்மைக்காரருக்கும் குறைந்தவர் இல்லை நம்மூர் ரவிக்கை டெய்லர். டார்ட் பிடிப்பது என்று அவர் அலட்சியமாகச் சொல்வதும், கரடியின் கன்னம் உப்புவதற்குச் செய்வதும் ஒரே வேலை. இரண்டு பக்கத் துண்டுகளுக்கு நடுவே நெற்றியிலிருந்து பிடரி வரை நீளத் துண்டு ஒன்றைக் கோத்தால் தட்டையான மூஞ்சி தலையாகிவிடும். இவ்வளவு தெரிந்த கையிலும் வெட்டுத் துணி தன் இஷ்டப்படிதான் போகிறது என்பதே என் வாதத்துக்கு வலு. கற்றுக்குட்டி முயலை நினைத்துக் கழுதை தைக்கிறார். கைதேர்ந்தவர் துண்டைப் பார்த்ததுமே கழுதை என்று கண்டுகொண்டு முயலை நினைப்பதை விட்டுவிடுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படிப் பிறந்த இனம் தெரியாத பிராணியை யார் சீண்டுவார்கள் என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான் பதில் சொல்வதைவிட விஞ்ஞானிகள் சொன்னால் மரியாதையாக இருக்கும். கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய உயிரியலாளர் 1943-இல் ஒரு விஷயத்தை எழுதினார். பெரிய தலை, மேடிட்ட நெற்றி, முகத்தில் கீழே இறங்கி நிற்கும் பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான தடித்த கைகால். இவை இருந்தால் எந்த ஜந்துவைப் பார்த்தாலும் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்றார். வெட்டுத் துணியில் தைக்கும்போது தலை பெரிதாவதும் கால் குட்டையாவதும் நாம் கேட்காமலே நடக்கிற விபத்துகள். கண்ணை மட்டும் பாதிக்குக் கீழே இறக்கித் தைத்தால் போதும், மூன்று கால் முயலையும் யாரும் கீழே வைக்கமாட்டார்கள். இன்னும் அழுத்தமான சாட்சி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ 1950-களில் செய்த சோதனை. தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு போலித் தாய்கள். ஒன்று வெறும் கம்பி, மற்றொன்றுக்கு டர்க்கி டவல் துணி போர்த்தியிருந்தது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டு ஓடிவந்து துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டன. குட்டிகளை அப்படிப் பிரித்தது கொடுமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதில் ஒரு குட்டி செய்ததை எந்தப் பொம்மைக்காரரும் மறக்கக் கூடாது. முகம் தயாராகும் முன்பே அது பிறந்துவிட்டதால், அதன் துணித் தாய்க்கு வெறும் உருண்டைத் தலை. அதனுடனே வளர்ந்த குட்டிக்குப் பிறகு முகம் வைத்த தாயைக் காட்டியபோது, அந்தத் தலையைப் பிடித்துத் திருப்பி மொழுக்கைப் பக்கத்தை முன்னால் கொண்டுவந்ததாம். முகமே வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லும்போது, மூக்கு கோணல் என்று நாம் பிரித்துப் பிரித்துத் தைப்பது யாருக்காக? நம்மூர்க் குழந்தைக்கு இதெல்லாம் பிறந்த வாரமே தெரியும். அது படுத்த முதல் தூளி அம்மாவின் பழைய நூல்புடவை. அதற்கும் முகம் கிடையாது.

சிக்கனக்காரர்களின் ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிச்சத் துணியில் பொம்மை தைப்பதால் ஒரு பைசா மிச்சமாகாது. கைக்குட்டை அளவுத் துணி வீணாகிறதே என்று தொடங்குகிறவர், அதற்கு நூல்கண்டு, பட்டன், புதுக் கத்தரி, பை நிறையப் பஞ்சு என்று வாங்கிக்கொண்டு வருவார். ஒரு மாதத்தில் மிச்சத் துணி தீர்ந்துபோகும். அப்புறம் மிச்சம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அரை மீட்டர் வாங்கி, அதை வெட்டி, மிச்சப்படுத்துவார்கள். ராக்ஃபோர்டிலேயே இதுதான் நடந்தது. கிழிந்த காலுறையில் தொடங்கிய குரங்கு, கடைசியில் கிழியாத புதுக் காலுறையை வாங்கி வெட்ட வைத்தது. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்வதும் கொஞ்சம் அதிகம். திருப்பூரில் ஒரு நாள் விழுகிற கட்டிங் வேஸ்ட்டுக்கு முன்னால் நம் கழுதை கண்ணுக்கே தெரியாது. அந்த வேஸ்ட்டும் சும்மா கிடப்பதில்லை. பனியன் வேஸ்ட்டாகி ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கிறது, பிரித்து அரைத்து மறுபடி நூலாகிறது. மெக்கானிக்கின் கையில் அது செய்கிற சேவையை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பொம்மையும் செய்வதில்லை. ஆகவே சிக்கனம் என்ற பெயரில் இதைச் செய்யாதீர்கள், கணக்கு இடிக்கும். ஒரேயொரு இடத்தில்தான் சிக்கனம் உண்மையாகவே பலிக்கிறது. பொம்மை வெட்டும்போது மிஞ்சும் பொடித் துண்டுகளையும் நூல் பிசிறையும் அதே பொம்மையின் வயிற்றுக்குள் திணித்துவிடலாம். கொஞ்சம் கனக்கும், கட்டி கட்டியாக இருக்கும், துவைத்தால் காய இரண்டு நாளாகும். ஆனால் பிராணி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது.

பட்டன் கண் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டையில் மிஞ்சிய பட்டனைக் கண்ணாக வைப்பது அழகுதான், ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயால்தான் ஆராயும், பிய்ந்த பட்டன் தொண்டையில் சிக்கும். சின்னப் பிள்ளைக்கென்றால் கண்ணை நூலிலேயே பின்னிவிட வேண்டும். கடைப் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுக் கழுதையைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஆகவே காதைப் பிடித்து ஒரு முறை நன்றாக இழுத்துப் பார்ப்பது தைத்தவர் கடமை. கையோடு வந்துவிட்டால் அதைக் கரடி என்று மாற்றிச் சொல்லவும் அப்போதே வசதிப்படும்.

பஞ்சு விஷயத்தில் என் ஓட்டு இலவம்பஞ்சுக்கு. ஃபைபர் பஞ்சு துவைக்கத் தோதானது, தெரியும். இலவம்பஞ்சு தண்ணீர் பட்டால் கட்டிதட்டும், திணிக்கும்போது மூக்கில் ஏறும், வீடு முழுக்கப் பறக்கும், ஃபேனைப் போட்டவர் அன்று ராத்திரி சாப்பாடு இல்லாமல் படுப்பார். இருந்தாலும் அதைச் சொல்லக் காரணம் ஒரு பழைய பாக்கி. இலவு காத்த கிளி என்று, காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்து, கடைசியில் வெடித்துப் பஞ்சாகப் பறந்ததைப் பார்த்து ஏமாந்த ஒரு கிளியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். பச்சை லைனிங் துணி எந்த டெய்லர் கடைச் சாக்கிலும் கிடைக்கும். பிறை வடிவத் துண்டு இரண்டைச் சேர்த்துத் தைத்து, வாய் வழியாகப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சை நெட்டித் திணித்து மூடினால், அந்தக் கிளிக்கு வயிறு நிறையக் கொடுத்த மாதிரி இருக்கும். மூக்கு கொஞ்சம் தடித்துத்தான் போகும், 22/7 அங்கேயும் விடாது. வால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கையில் வாங்குகிற குழந்தை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோழி என்று சொன்னால், கோழிதான். கொண்டைக்குத் தாம்பூலப் பையோடு வந்த சிவப்பு ரவிக்கைத் துண்டில் ஓரமாக விரலளவு மிச்சமிருக்கிறது.